தலை நிமிர வைத்த வழியில் தலை குனிய வைக்கலாமா?

நம் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் தவறு நடக்காத நாள் கிடையாது. ஒருவர் சட்டையைக் கழற்றாமல் உள்ளே வந்துவிடுவார். ஒருவர் தலைப்பாகை கட்ட மறந்துவிடுவார். புதிதாக வந்த அம்மா கற்பூரத்தைக் கொளுத்திவிடுவார். ஏடு வாசிக்கிற தம்பி ஒரு வரியைத் தாண்டிவிடுவான். அன்னம் பரிமாறும்போது சாம்பார் வாளி ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வராது. வரவு செலவு நோட்டில் ஒரு தொகை விட்டுப்போகும்.

மனிதர்கள் கூடுகிற இடத்தில் இவையெல்லாம் நடக்கத்தான் செய்யும். தவறு நடந்தது பெரிய காரியம் அல்ல. அதை நாம் எப்படித் திருத்துகிறோம் என்பதுதான் பெரிய காரியம். திருத்துகிற முறையால் ஒரு மனிதர் காலமெல்லாம் தாங்கலுக்கு வருகிறவராகவும் ஆகலாம், அன்றோடு திரும்பிப் பார்க்காதவராகவும் ஆகலாம். ஆகவே இந்த மாதம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

தலைப்பாகை சொல்லும் செய்தி

அய்யா 1809ஆம் ஆண்டு பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடி சூடுகிறவன் என்ற பெயர் ஒரு ஏழைச் சான்றோர் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருக்கலாம் என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பிறந்த குழந்தைக்குப் பெயரில்கூட முடி இருக்கக் கூடாது என்று சொன்ன காலம் அது.

அன்றைய திருவிதாங்கூர் நாட்டில் நம் முன்னோர் தலைப்பாகை கட்டக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தோள்சீலைக்காக நம் தாய்மார் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1859இல்தான் மன்னரின் அறிவிப்பு வந்தது. தெருவில் நடக்கவும் கோயில் பக்கம் போகவும் தூரக் கணக்கு இருந்தது. எங்கே போனாலும் "தள்ளி நில்" என்ற சொல்தான் முதலில் காதில் விழும்.

அப்படிப்பட்ட மக்களைத்தான் அய்யா அழைத்துத் தலைப்பாகை கட்டச் சொன்னார். முடி மறுக்கப்பட்ட பெயரோடு வளர்ந்தவர், தம்மிடம் வந்த ஒவ்வொரு தலைக்கும் முடி சூட்டினார். நாமத்தையும் தூர நின்று எறியவில்லை, நெற்றியைத் தொட்டுச் சாற்ற வைத்தார். தொட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டில், தொடுவதையே வழிபாடாக ஆக்கிக் கொடுத்தார்.

இப்போது நாம் ஒரு காரியத்தை யோசிக்க வேண்டும். ஒருவர் தலைப்பாகை இல்லாமல் உள்ளே வந்துவிட்டார். நாம் எல்லார் முன்னாலும் "ஓய்! தலையில துணி எங்க? வெளியே போம்" என்று சத்தம் போடுகிறோம். அவர் தலை குனிந்து வெளியே போகிறார். நாம் ஒழுங்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் என்ன நடந்தது? தலை நிமிர்வதற்காக அய்யா கொடுத்த துணியை வைத்தே ஒரு தலையைக் குனிய வைத்துவிட்டோம். "தள்ளி நில்" என்று நம் பாட்டன் கேட்ட அதே சொல்லை, நாமம் சாற்றிய நெற்றியோடு நாமே இன்னொருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டோம்.

தலைப்பாகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். அதை நினைவூட்டுகிற முறைதான் வேறாக இருக்க வேண்டும். கையில் ஒரு துண்டோடு பக்கத்தில் போய், "அண்ணாச்சி, இந்தத் துண்டைத் தலையில கட்டிக்கிடுங்க. இங்க எல்லாருமே ராசாதான்" என்று சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கட்டிக்கொள்வார். அடுத்த வாரம் வீட்டிலிருந்தே துண்டு கொண்டு வருவார். பலன் ஒன்றுதான். ஆனால் ஒரு வழியில் மனிதர் தங்குகிறார், ஒரு வழியில் மனிதர் போய்விடுகிறார்.

அய்யா எப்படித் திருத்தினார்?

துவையல் தவசை எடுத்துக்கொள்வோம். எழுநூறு குடும்பங்களை அய்யா வாகைப்பதிக்கு அனுப்பினார். கடற்கரையில் தங்கி, தினமும் மூன்று வேளை துணி துவைத்து, குளித்து, எளிய உணவு உண்டு, அய்யாவை நினைத்துத் தவசு இருந்தார்கள். நல்ல தண்ணீருக்கே வழியில்லாமல், பனையிலும் வயலிலும் உழைத்துக் களைத்த மக்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து "அழுக்கு" என்று சொல்ல நாட்டில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அப்படிச் சொன்னதால் யாரும் சுத்தம் ஆகவில்லை. அய்யா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. குறையைக் காட்டி நாணப்படுத்தாமல், ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தார். அதையும் தனி ஒருவனுக்குத் தண்டனையாகக் கொடுக்காமல், எல்லாருக்கும் சேர்த்துத் தவசாகக் கொடுத்தார்.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. குறை சொல்வது ஒரு நிமிட வேலை. பழக்குவது பல நாள் வேலை. முதல் வேலைக்கு ஆள் நிறைய உண்டு. இரண்டாவது வேலையைச் செய்கிறவரே அய்யாவின் பணிவிடையாளர்.

முத்திரிக்கிணற்றையும் நினைத்துப் பாருங்கள். சாதிக்கொரு கிணறு இருந்த காலத்தில், எல்லாரும் குளிக்கவும் குடிக்கவும் ஒரே கிணற்றைக் கொடுத்தார். சாதி பார்ப்பது தவறு என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், அந்தத் தவறு தானாக உதிர்ந்து போகும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தார். அருகருகே நின்று ஒரே தண்ணீரை ஊற்றிக் குளித்த பிறகு, தீட்டு என்ற பேச்சை எங்கே வைப்பது?

சிங்காரத்தோப்புச் சிறைக்கு அய்யாவைக் கொண்டுபோன நேரத்திலும் இதையே பார்க்கிறோம். அய்யாவை அடித்து இழுத்துப் போகிறார்கள். மக்கள் மனம் கொதிக்கிறது. அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். தம்மைத் துன்புறுத்தியவர்கள் மீதுகூட மக்களை ஏவிவிடவில்லை. பசித்த புலியின் கூட்டில் விட்டபோதும் புலி அடங்கிப் படுத்தது என்று அகிலம் கூறுகிறது. அவ்வளவு பெரிய பொறுமையை வணங்கிவிட்டு, சட்டை கழற்றாத ஒரு மனிதரிடம் நாம் புலியாகப் பாயலாமா?

அரசன் முன் பூவண்டர்

பொறுமை என்றால் தவறைக் கண்டும் பேசாமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அகிலத்தில் வருகிற பூவண்டரைப் பாருங்கள். ஆயர் குலத்தவர். அரச சபையில் எல்லாரும் அய்யாவுக்கு எதிராகப் பேசுகிற நேரத்தில், அவர் ஒருவர்தான் எழுந்து அரசனுக்கு நல்ல புத்தி சொன்னார். திருமால் எந்தக் குலத்திலும் வரக்கூடும், தாழ்ந்த குலம் என்று எண்ணி இகழ வேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். அரசன் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவர் விடவில்லை. அரசனை ஏசவும் இல்லை.

இதுதான் அளவு. உண்மையைக் குறைக்கவும் கூடாது, மரியாதையைக் குறைக்கவும் கூடாது. எதிரில் இருப்பவர் நம்மைவிடப் பெரியவராக இருக்கும்போது நமக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது. ஊர்த் தலைவர் தவறு செய்தால் "ஐயா, ஒரு விஷயம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிறோம். அதே தவறை ஒரு கூலிக்காரர் செய்தால் குரல் ஏறிவிடுகிறது. தவறு ஒன்றாக இருக்கும்போது குரல் ஏன் இரண்டாக வருகிறது? அந்த இடத்தில் நாம் தவறைத் திருத்தவில்லை, ஆளைத் தரம் பார்க்கிறோம். அது அய்யா அழிக்க வந்த கலியின் வேலை.

வாசலில்

நான் பணிவிடை செய்கிற இடத்தில் கண்ட ஒரு காரியத்தைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு நேரம். வெளியூரிலிருந்து ஒரு தாய், நோய்ப்பட்ட மகனோடு வந்திருந்தார். பழக்கம் தெரியாது. கொடிமரத்துக்கு முன்னால் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டார். ஒரு தம்பி ஓடிப்போய்க் கத்தப் பார்த்தான். அதற்குள் வாசல் பெருக்குகிற ஒரு மூத்த அம்மா அவனைக் கையமர்த்திவிட்டு அந்தத் தாயின் பக்கத்தில் போய் நின்றார். கற்பூரம் எரிந்து தீரும் வரை ஒன்றும் சொல்லவில்லை. தீர்ந்த பிறகு, "மக்ளே, இவ்வளவு தூரம் வந்திருக்கிய. அய்யாவுக்குக் கற்பூரம் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம். மனசு ஒண்ணு போதும். வா, கை கால் கழுவிட்டுப் பிள்ளைக்கு நாமம் சாத்துவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அந்தத் தாய் அழுதுவிட்டார். திட்டு வாங்கி வந்த அழுகை அல்ல அது. அய்யா காணிக்கை கேட்காதவர் என்ற உண்மையை அந்தத் தாய் புத்தகத்தில் படித்திருந்தால் இந்த அளவுக்கு மனதில் பதிந்திருக்குமா? திருத்தமே அங்கு உபதேசம் ஆகிவிட்டது. தம்பி கத்தியிருந்தால் "இங்கே கற்பூரம் கொளுத்தக் கூடாது" என்கிற விதி மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த விதிக்குள் இருக்கிற அன்பு தெரியாமலே போயிருக்கும்.

ஏடு வாசிக்கும் இடத்தில்

அரிகோபாலன் சீடர் மூலம் அகிலத்திரட்டு எழுதப்பட்டது 1841ஆம் ஆண்டு, கொல்லம் 1016 கார்த்திகை 27. அது முதலில் ஓலை ஏடுகளாகத்தான் ஊர் ஊராகப் போயிற்று. அச்சில் வந்தது 1939இல். ஓலையில் எழுதும் பழைய முறையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் இல்லை. ஆகவே பார்த்து எழுதிய ஓலைகளுக்குள் பாடபேதம் உண்டு. ஒரு தாங்கலில் வாசிக்கிற சொல் இன்னொரு தாங்கலில் சற்று மாறியிருக்கும்.

இதைத் தெரியாமல், பதினேழு நாள் ஏடு வாசிப்பில் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் "தப்பு! தப்பு!" என்று சத்தம் போடுகிறார். வாசிக்கிற தம்பிக்கு வயது இருபதுகூட இருக்காது. விரதம் இருந்து, பயந்து பயந்து முதல்முறையாக ஏட்டின் முன் உட்கார்ந்திருக்கிறான். சத்தம் கேட்டதும் அவன் குரல் உள்ளே போய்விடும். ராகம் உடைந்துவிடும். பத்து வரியில் வரவேண்டிய தவறு இருபதாக வரும். அடுத்த கார்த்திகைக்கு அவனைக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். ஏடு வாசிக்க முன்வருகிற பிள்ளைகள் இன்று எத்தனை பேர் என்று ஒவ்வொரு தாங்கலும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். ஒரு சொல்லைக் காப்பாற்றப் போய் ஒரு குரலை இழந்துவிடக் கூடாது.

சத்தம் போட்டவர் சொன்னது சரியான பாடமா என்பதும் தெரியாது. அவர் மனப்பாடம் செய்தது ஒரு பதிப்பு, தம்பி கையில் இருப்பது இன்னொரு பதிப்பாக இருக்கலாம். திருத்துவதற்கு முன் "நான் நினைப்பது சரிதானா?" என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நமக்கே மரியாதை.

அப்படியானால் தவறாக வாசித்தால் விட்டுவிடுவதா? இல்லை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் ஏட்டோடு உட்கார வேண்டும். வரி தாண்டினால் விரலால் தொட்டுக் காட்டினால் போதும். சொல் பிழை என்றால் குறித்து வைத்துக்கொண்டு, வாசிப்பு நிற்கும் இடைவேளையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நல்லா வாசிச்ச தம்பி. இந்த ஒரு சொல்லை மட்டும் சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை உயிர் உள்ள வரை மறக்க மாட்டான்.

கணக்கிலும் கட்டுப்பாட்டிலும்

சில தவறுகள் ஒருவரோடு முடிவதில்லை. அன்னதர்மத்துக்கு வந்த அரிசிக்குக் கணக்கு இல்லை, வரிப் பணத்தில் ஒரு தொகை காணவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேயும் முதல் அடி ஒன்றுதான். நோட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பிள்ளையிடம் தனியே போய், "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை, சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அது கூட்டல் பிழையாகவோ எழுத மறந்த செலவாகவோ இருக்கும். அப்படியானால் அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து திருத்தத்தைச் சொல்லட்டும். அவர் மரியாதை கூடும், தாங்கலின் நம்பிக்கையும் கூடும்.

வேண்டுமென்றே செய்த தவறு என்றால் மறைக்கக் கூடாது. ஏழைகள் பிடியரிசி சேர்த்துக் கொடுத்த தர்மம் அது. மக்கள் முன் வைக்கத்தான் வேண்டும். ஆனால் நோட்டையும் ரசீதையும் வைத்துப் பேசுங்கள். அவர் குடும்பத்தையும் குலத்தையும் பிள்ளைகளையும் இழுக்காதீர்கள். பணத்தைத் திரும்பக் கட்ட வழி கொடுங்கள். தவறு முடிந்த பிறகு அவர் தாங்கலுக்கு வந்து நாமம் சாற்ற வாசல் திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. குடித்துவிட்டு ஒருவர் அன்னதர்மத்துக்கு வந்தால் அப்போதே உபதேசம் செய்ய வேண்டாம். அவர் காதில் அது ஏறாது, சண்டைதான் வரும். ஓரமாக உட்கார வைத்து, சாப்பாடு கொடுத்து, வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். நேரம் பார்த்துச் சொல்கிற நாலு வார்த்தை, நேரம் தப்பிச் சொல்கிற நாற்பது வார்த்தைக்கு மேல்.

"மெதுவாகச் சொன்னால் கேட்பார்களா?"

சில பெரியவர்கள் கேட்பதுண்டு. "இப்படி எல்லாரையும் தடவிக் கொடுத்தால் ஒழுங்கு கெட்டுப் போகாதா? கண்டிப்பு இல்லாமல் தாங்கல் நடக்குமா?" நியாயமான கேள்விதான்.

கண்டிப்பு வேறு, கடுஞ்சொல் வேறு. "சட்டையோடு உள்ளே வரக் கூடாது" என்பதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேரிடமும் சொல்லுங்கள். வசதி உள்ளவர் வந்தால் கண்டும் காணாமல் இருக்காதீர்கள். அதுதான் கண்டிப்பு. குரல் உயர்த்துவது கண்டிப்பு அல்ல. பார்க்கப் போனால், விதியை எல்லாருக்கும் ஒன்றுபோல நடத்த முடியாதவர்தான் அகப்பட்டவரிடம் குரலை உயர்த்துகிறார்.

மேலும், கத்தினால் தவறு நிற்பதில்லை, ஒளிந்துகொள்கிறது. நாம் இருக்கும்போது செய்யமாட்டார்கள், நாம் போன பிறகு செய்வார்கள். மனம் ஒப்பித் திருந்தினால்தான் யாரும் பார்க்காத இடத்திலும் திருந்தியிருப்பார்கள்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. தனியே சொல்ல முடிந்ததைக் கூட்டத்தில் சொல்லாதிருப்போம்.

2. தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா என்று முதலில் பார்ப்போம். தெரியாதவருக்கு வேண்டியது விளக்கம், தண்டனை அல்ல.

3. "செய்யாதே" என்பதோடு நிறுத்தாமல், "இப்படிச் செய்யுங்கள்" என்று காட்டிக் கொடுப்போம். தலைப்பாகைக்கு வாசலில் நாலைந்து சுத்தமான துண்டு மடித்து வைத்திருப்பது, நாற்பது தடவை ஏசுவதைவிட நல்லது.

4. நடந்த தவறை மட்டும் பேசுவோம். போன வருடத் தவறையும் அப்பன் செய்த தவறையும் சேர்த்துக் கட்டமாட்டோம்.

5. சிறு பிள்ளைகள் தாங்கலில் ஓடி விளையாடினால் விரட்டமாட்டோம். கையில் ஒரு சின்ன வேலை கொடுப்போம். பூ எடுத்து வரட்டும், இனிமம் கொடுக்க உதவட்டும்.

6. திருத்திய பிறகு அந்த மனிதரோடு சேர்ந்து உட்கார்ந்து அன்னம் உண்போம். மனக்கசப்பு இல்லை என்பதை வாயால் சொல்வதைவிட இலையில் காட்டுவது நல்லது.

7. வயதில் சிறியவர் நம் தவறைச் சொன்னால் "நீ யார் எனக்குச் சொல்ல?" என்று கேட்கமாட்டோம். "சரி மக்கா, பார்க்கிறேன்" என்று சொல்லப் பழகுவோம். பெரியவர் திருத்தத்தை ஏற்கிற வீட்டில்தான் பிள்ளைகளும் ஏற்பார்கள்.

இவற்றைத் தாங்கலில் மட்டும் அல்ல, வீட்டிலும் கைக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் முன்னால் மனைவியைக் குறை சொல்வது, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லி நம் பிள்ளையைத் தாழ்த்துவது, வந்து ஆறு மாதம் ஆகாத மருமகளிடம் "உங்க வீட்டில் இதுகூடச் சொல்லித் தரவில்லையா" என்று கேட்பது, எல்லாம் ஒரு தலையைக் குனிய வைக்கிற காரியம்தான்.

பள்ளியறையில் அய்யா ஒரு கண்ணாடியை வைக்கச் செய்திருக்கிறார். அதன் முன் நிற்கும்போது நம் முகம் தெரிகிறது. நமக்குப் பின்னால் நிற்கிறவர் முகமும் அதே கண்ணாடியில்தான் தெரிகிறது. அந்த முகத்துக்குள்ளும் அய்யா இருக்கிறார் என்று நம்புகிறவர்கள் நாம். அவரிடம் ஒரு குறையைச் சொல்லப் போகுமுன், அய்யா இருக்கிற ஒரு இடத்தில் பேசப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டால் சொல் தானாக மெலியும், குரல் தானாக இறங்கும்.

வருகிறவர் யாராக இருந்தாலும், என்ன தவறு செய்தாலும், நம் தாங்கலை விட்டுப் போகும்போது வந்ததைவிட நிமிர்ந்த தலையோடு போகட்டும். அதற்கு அய்யா நம் நாவில் இருந்து நல்ல சொல்லைத் தரட்டும்.

அய்யா உண்டு.